வீட்டில் மார்பிள் அலங்காரம்: இடம் குறிப்பது முதல் சீலர் வரை, வேலை வரிசைப்படி

பூஜைச் சுவரோ வாஷ்பேசின் மேடையோ மார்பிளில் செய்து ஒரே வருடத்தில் முகம் சுளிக்கும்படி ஆகிவிட்டால், பழி கல்லின் மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறிப்போனது வேலையின் வரிசைதான். கடையில் ஒரு ஸ்லாப் (அறுத்த பெரிய கல் பலகை) கண்ணில் பட்டதும் முன்பணம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு அதற்கு ஏற்ற சுவரைத் தேடுகிறார்கள். சுவரில் ஓதம் இருக்கும், ஸ்விட்ச் பாக்ஸ் நடுவில் வரும், மேஸ்திரி கறுப்பு சிமெண்டில் ஒட்டிவிடுவார். இந்த வேலையில் கல் கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

தரை முழுவதும் மார்பிள் போடுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. பூஜை அறைப் பின்சுவர், டிவி சுவரில் ஒரு பட்டை, வாஷ்பேசின் மேடை, ஜன்னல் அடிக்கல், அறை வாசற்படி, மேசைப் பலகை என 10 முதல் 60 சதுர அடிக்குள் அடங்கும் வேலைகள் மட்டும்.

1. இடத்தை முடிவு செய்தல்

மார்பிள் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவானாலும் அதை அரிக்கும். மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 3 முதல் 4. செருப்பில் ஒட்டிவரும் மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7, அதனால் மணல் மார்பிளைக் கீறும். இந்த இரண்டு விஷயங்களை வைத்தே இடத்தை வடிகட்டிவிடலாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகள்: அங்கே தண்ணீர் தேங்குமா? புளி, எலுமிச்சை, தயிர், மோர் படுமா? மதிய வெயில் நேராக விழுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் எந்த மார்பிளும் போடலாம். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் கல்லின் வகையையும் மெருகையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கு 'ஆம்' என்றால் கிரானைட்டுக்குப் போய்விடுங்கள்.

அதனால் சமையல் மேடைக்கு மார்பிள் வேண்டாம். சாம்பார் புளிக்கரைசல் பத்து நிமிடம் நின்றாலே மெருகு போய் வெளிறிய வட்டம் விழும். எந்த சீலரும் (கறை இறங்காமலிருக்கக் கல்லில் பூசும் திரவம்) இதைத் தடுக்காது. ஷவர் அடிக்கும் சுவரும் வேண்டாம். வெள்ளை மார்பிளில் இயல்பாகவே இருக்கக்கூடிய சிறு இரும்புத் துகள்கள் தொடர்ந்து நனைந்தால் துருவேறி, கல் உள்ளிருந்து மஞ்சளாகும். தெரு வாசலின் வெளிப்படியும் வேண்டாம். மணலும் மழையும் போதாதென்று கோல மாவும் சேர்ந்து தேய்க்கும். கலர் பொடி ஒரே மார்கழியில் வெள்ளைக் கல்லுக்குள் இறங்கிவிடும்.

எவ்வளவு போடுவது? ஓர் இடத்தில் நின்று பார்க்கையில் கண்ணில் ஒரு மார்பிள் மட்டுமே பட வேண்டும். டிவி சுவர், தூண், மேசை மூன்றிலும் மூன்று விதக் கோடுகள் ஓடினால் கூடம் ஷோரூம் ஆகிவிடும். ஐந்தடிச் சுவர் ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதைச் சாதாரண பெயின்டில் விட்டால், அந்தச் சுவர் தனித்துத் தெரியும்.

வாடகை வீடென்றால் சுவரைத் தொடவே வேண்டாம். மேசைப் பலகை, விளக்குப் பீடம், தட்டு என்று எடுத்துப்போகக்கூடிய துண்டுகளாகச் செய்துகொள்ளுங்கள். கல் மிஞ்சும் பட்டறைகளில் துண்டுக் கல் குறைந்த விலையில் கிடைக்கும்.

2. சுவரைத் தயார் செய்தல்

முதலில் ஓதச் சோதனை. 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டினாலோ சுவர் கருத்தாலோ ஈரம் வருகிறது என்று பொருள். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர், தரையிலிருந்து முதல் மூன்றடி, இந்த மூன்றும் சந்தேகத்துக்குரியவை. ஓதச் சுவரில் மார்பிளை ஒட்டினால் உப்பு கல்லின் வழியாகவே வெளியே பூக்கும். துடைக்கத் துடைக்க வரும், கல்லின் மேற்பரப்பும் உதிரும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்து, மறுபடி சோதித்த பிறகே அடுத்த வேலை.

புதிய பூச்சுக்கு 28 நாள் கொடுங்கள். ஏழு நாள் நனைத்தது போதும் என்று மேஸ்திரி சொல்வது பூச்சின் பலத்தைப் பற்றி. நமக்கு வேண்டியது அது உலர்வது.

பழைய சுவரென்றால் பெயின்ட்டையும் புட்டியையும் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புட்டி மேல் கல் ஒட்டும் பசை நன்றாகவே பிடிக்கும். ஆனால் புட்டி சுவரை விட்டு வந்துவிடும். 18 மி.மீ. மார்பிள் சதுர அடிக்கு ஏறக்குறைய 4.5 கிலோ. அந்தப் பாரத்தை 2 மி.மீ. புட்டி தாங்காது. சுரண்டிய பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கொத்திவிட்டு, தூசியைத் துடைத்துவிடுங்கள். ஜிப்சம் பூச்சு இருந்தால் அந்தப் பகுதியை முழுக்க உடைத்து சிமெண்டில் பூசிக்கொள்வதே சரி.

பிறகு நேர்த்தி. 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேடு பள்ளத்தைப் பசையால் சரிக்கட்டலாம் என்று விட்டால் ஓரிடத்தில் பசை 4 மி.மீ., இன்னோரிடத்தில் 20 மி.மீ. ஆகும். கனமான இடம் உலரும்போது அதிகம் சுருங்கி கல்லை உள்ளே இழுக்கும். இரண்டு கற்களின் விளிம்பு மேலும் கீழுமாக நிற்கும்.

மின்சார வேலை முழுவதும் இப்போதே முடிய வேண்டும். எல்இடி ஒயர், டிவி பாயின்ட், பூஜை அறை ஸ்விட்ச் எல்லாம் எங்கே வரும் என்று சுவரில் குறித்து, பாக்ஸை மார்பிள் கனமும் பசைக் கனமும் சேர்த்து 24 முதல் 25 மி.மீ. முன்னால் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்விட்ச் தகடு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். மார்பிள் வராத பகுதியின் பெயின்ட் வேலையில் பிரைமரும் முதல் கோட்டும் முன்னால், கடைசிக் கோட் மார்பிளுக்குப் பின்னால்.

3. அளவும் கணக்கும்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கும் அப்படியே. மூலைகள் 90 டிகிரிதானா என்பதை 3-4-5 அடி முக்கோணத்தால் பாருங்கள். வாஷ்பேசின் மேடைக்கு அட்டையில் முழு அளவு மாதிரி வெட்டி, பேசின் ஓட்டை, குழாய் ஓட்டை எல்லாம் அதில் குறித்து, பேசினைக் கையில் வாங்கிய பிறகே பட்டறைக்குக் கொடுங்கள். பேசின் படத்தை வைத்து ஓட்டை போட்ட மேடைகள் பல திரும்பி வந்திருக்கின்றன.

ஒரு கணக்கு: பூஜைச் சுவர் 5 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 35 சதுர அடி. சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 40. இரண்டு ஸ்லாப்பைப் புத்தகம் விரித்தது போல எதிரெதிராக வைக்கும் புக்மேட்ச் என்றால் 30 சதவீதம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கோடு பொருந்தும் இடத்தில்தான் வெட்ட முடியும். 35 சதுர அடியின் எடை கிட்டத்தட்ட 160 கிலோ. 20 கிலோ பசைப் பை 6 மி.மீ. கனத்தில் 20 முதல் 25 சதுர அடி வரும். எனவே இரண்டு பை.

கடையில் விலை கேட்கும்போது சதுர அடி விலையோடு நிற்காதீர்கள். ஓர மெருகு ரன்னிங் அடி (நீள அடி) கணக்கு, ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தனி, ஏற்றுகூலி இறக்குகூலி தனி, பதிக்கும் கூலி தனி. சிறு வேலையில் இந்த உதிரிச் செலவு கல்லின் விலையையே தாண்டிவிடுவதுண்டு. ஸ்லாப்பின் ஓரங்கள் கோணலாக இருந்தால் எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்றும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

4. கல்லைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுத் தரை டைல்ஸ் துண்டு ஒன்று, மரவேலைக்குத் தேர்ந்தெடுத்த லேமினேட் துண்டு ஒன்று, அந்த இடத்தில் போடப்போகும் பல்பு ஒன்று. இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் தூய வெள்ளை மார்பிள் பாலாடை நிறமாகத் தெரியும். 4000 கெல்வினில் சாம்பல் கோடுகள் தெளிவாக வரும். கடை முற்றத்தின் வெயிலில் பார்த்து வாங்கிய கல் வீட்டுக்குள் வேறு கல்லாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வகைகளில் முக்கிய வேறுபாடு ஒட்டும் முறையோடு சம்பந்தப்பட்டது. ராஜஸ்தான் மக்ரானா போன்ற இறுக்கமான வெள்ளைக் கற்கள் பொதுவாகப் பின்வலை இல்லாமல் வரும். வெள்ளை சிமெண்ட் பசையில் நேராக ஒட்டலாம். இத்தாலி ஸ்லாப்கள் பெரும்பாலும் ரெசின் (பிசின்) ஊட்டப்பட்டு, பின்புறம் ஃபைபர் வலை ஒட்டி வரும். அந்தப் பக்கத்தில் சிமெண்ட் பசை பிடிக்காது. வெயில் விழும் இடத்தில் ரெசினும் மஞ்சளாகும். மேற்கு ஜன்னல் அடிக்கல்லுக்கு அது வேண்டாம்.

உதய்பூர் பக்கத்துப் பச்சை மார்பிள் தனி ஜாதி. அது உண்மையில் செர்பென்டைன் என்ற வேறு வகைக் கல். தண்ணீர் கலந்த பசையில் ஒட்டினால் ஈரத்தை வாங்கி வளைந்து, ஓரம் சுவரைவிட்டு எழும்பும். அதற்குத் தண்ணீர் கலக்காத பிசின் பசையான எபாக்சி அல்லது பாலியூரிதேன் மட்டுமே. இதைச் சொல்லாமல் விற்கிற கடைகளும் உண்டு, தெரியாமல் ஒட்டுகிற மேஸ்திரிகளும் உண்டு.

ஸ்லாப் முன் நின்று செய்ய வேண்டிய சோதனைகள்:

தட்டிப் பாருங்கள். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல்.

பின்பக்கம் தண்ணீர் தெளியுங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் தாமதமாக உலரும்.

அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். நிறம் ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். கடும் கறுப்பு, அடர் பச்சையில் இந்த ஏமாற்று அதிகம்.

வெள்ளைக் கல்லென்றால் வெட்டுத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு ஒரு துளி ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். மெருகு மங்கினால் பெரும்பாலும் உண்மை மார்பிள். மங்காவிட்டால் அது குவார்ட்ஸ் பலகையோ, கண்ணாடித் தூளில் செய்த வெள்ளைப் பலகையோ. அவை கெட்ட பொருள் என்று இல்லை, ஆனால் மார்பிள் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்த மங்கிய வட்டத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பார்த்தவர் மேசைமேல் எலுமிச்சை அறுக்க மாட்டார்.

எல்லாத் துண்டும் ஒரே பிளாக்கில் (பாறைக் கட்டியில்) அறுத்ததாக, ஸ்லாப் எண் அடுத்தடுத்து வருவதாக இருக்க வேண்டும். மேலும் ஒரு சிறு துண்டைச் சேர்த்து வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மூலை உடைந்தால் அதே கல் கிடைக்காது.

5. வெட்டு வரைபடமும் ஓரமும்

ஸ்லாப்பை நிமிர்த்தி வைத்து, அதன் மேலேயே மெழுகுப் பென்சிலால் ஒவ்வொரு துண்டையும் வரைந்து எண் போடச் சொல்லுங்கள். கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று அம்புக்குறியும் வேண்டும். சேதாரத்தை மிச்சம் பிடிக்க அறுப்பவர் துண்டைத் திருப்பிவிடுவார். நான்கு கல்லில் கோடு நெட்டாகவும் ஐந்தாவதில் குறுக்காகவும் நிற்கும். எண் போட்ட ஸ்லாப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.

ஓரத்தைக் கூராக விடக் கூடாது. குறைந்தது 2 மி.மீ. சாய்வெட்டு வேண்டும், கை படும் மேடைக்கு அரைவட்ட நோசிங் நல்லது. கூரான ஓரம் வளையல் பட்டால்கூடச் சில்லு போகும். இரண்டு துண்டை 45 டிகிரியில் சேர்த்துக் கனமான பலகைபோல் காட்டும் மைட்டர் ஓரம் பார்க்க அழகு, ஆனால் பட்டறையில் மெஷினில் செய்தால் மட்டும். வீட்டில் கை கிரைண்டரில் செய்தால் சேருமிடம் பல் பல்லாகத் தெரியும்.

மெருகையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சுவருக்குக் கண்ணாடி மெருகு. வாஷ்பேசின் மேடைக்கு மங்கல் மெருகு, அதாவது ஹோன்டு. பற்பசையும் சோப்பும் விழும் இடத்தில் கண்ணாடி மெருகு வைத்தால் ஒவ்வொரு துளியும் தடம் விடும், மங்கல் மெருகில் அது தெரியாது.

6. இறக்கி வைத்தல்

கல்லை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும், நிமிர்த்தியே சாய்த்து வைக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் ஒடியும். பேசின் ஓட்டை போட்ட மேடைக்கு இது இரட்டிப்பு உண்மை.

அடியில் மரச்சட்டம், அதன்மேல் பாலிதீன். நனைந்த தேக்குச் சட்டமோ சணல் சாக்கோ நேராகப் பட்டால் பழுப்புச் சாயம் கல்லுக்குள் இறங்கும். செய்தித்தாளின் மையும் அப்படியே.

7. பசை போடும் முன் ஓர் ஒத்திகை

துண்டுகளைத் தரையில் தெர்மாகோல் பரப்பி, சுவரில் வரப்போகும் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். ஆறடி தள்ளி நின்று, கோடு ஓடுகிறதா, ஒரு கல் மட்டும் அதிக மஞ்சளா என்று பார்க்கவும். மாற்றுவதாக இருந்தால் இப்போதுதான். அரை மணி நேர வேலை, இதைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் ஒட்டிய பிறகு அந்த ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்விட்ச் ஓட்டைகளை இந்த நேரத்தில் குறித்து வெட்டுங்கள். உள்மூலைகளைச் செங்குத்தாக வெட்டாமல், முதலில் 6 மி.மீ. துளை போட்டு அதிலிருந்து வெட்ட வேண்டும். செங்குத்து மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

8. சுவரில் ஒட்டுதல்

பசை வெள்ளையாக இருக்க வேண்டும். வெளிர் மார்பிள் ஓரளவு ஒளி ஊடுருவும். கறுப்பு சிமெண்ட் பின்னால் இருந்தால் கல் அழுக்கேறியது போலச் சாம்பலாகத் தெரியும். பையில் ஐஎஸ் 15477 குறியும், சுவரில் இயற்கைக் கல்லுக்கு உகந்தது என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். வலை ஒட்டிய இத்தாலிக் கல்லுக்கும், பச்சைக் கல்லுக்கும், பிளைவுட் மேல் ஒட்டுவதற்கும் எபாக்சி அல்லது பாலியூரிதேன் பசை. பிளைவுட் அசையும் பொருள். அதன்மேல் சிமெண்ட் பசை வெடித்து உதிரும்.

வரிசை இது:

முதலில் நடுக்கோடும், கீழே மட்டக் கோடும் அடியுங்கள். லேசர் மட்டம் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். மட்டக் கோட்டில் நேரான சட்டம் ஒன்றை ஆணியடித்து நிறுத்துங்கள். முதல் வரிசை இதன்மேல் உட்காரும். தரையை நம்பக் கூடாது, அதில் சாய்வு இருக்கும்.

கல்லின் முதுகை ஈரத்துணியால் துடையுங்கள். அறுத்த தூள் மாவுபோல ஒட்டியிருக்கும், பசை அந்தத் தூளைத்தான் பிடிக்கும்.

பசைப் பையின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்றி, குறைந்த வேக மிக்சரில் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். இறுகத் தொடங்கியதும் தண்ணீர் சேர்த்து இளக்குவது மேஸ்திரிகளின் பழக்கம். அப்படி இளக்கிய பசைக்குப் பலம் இருக்காது, குப்பையில் போடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் ஒரு தடவை இரண்டு கல்லுக்கான பசைக்கு மேல் சுவரில் பூசாதீர்கள். விரலால் தொட்டால் ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

10 மி.மீ. பல் கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுங்கள். கல்லின் முதுகிலும் மெல்லிய பூச்சு ஒன்று. நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தும் பழைய முறை மார்பிளுக்கு ஆகாது: இடையில் வெற்றிடம் நிற்கும், அங்கே தட்டுப்பட்டால் கல் உடையும். அதோடு அந்த ஐந்து உருண்டையும் வெள்ளைக் கல்லில் ஐந்து நிழலாகத் தெரியும். முதல் கல்லை ஒட்டியதும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை பட்டிருந்தால் மேலே போகலாம்.

இடைவெளி 1.5 மி.மீ. ஸ்பேசர் வைத்து. கல்லோடு கல்லை முட்டவைத்தால் சூட்டில் விரிய இடமின்றி விளிம்பு சில்லு போகும். ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

நான்கடி உயரத்துக்கு மேல் போகும் எந்தக் கல்லுக்கும் பசையோடு கம்பிப் பிடிமானமும் வேண்டும். கல்லின் மேல் விளிம்பில், இரு முனையிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, துளை போட்டு பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் சுவரோடு பிடிக்க வேண்டும். இரும்புக் கம்பியோ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியோ வேண்டாம். துரு நாளடைவில் கல்லின் முகத்துக்கு வந்துவிடும். பசையே போதும் என்று மேஸ்திரி அடித்துச் சொல்வார். பூஜை அறையில் கீழே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் ஒவ்வொன்றும் இருபது கிலோ என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

ஒரு நாளில் இரண்டு வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மேலே போங்கள்.

9. மேடை, ஜன்னல், வாசற்படி, மேசை

வாஷ்பேசின் மேடையில் பேசின் ஓட்டைக்கு முன்னால் மிஞ்சும் குறுகிய பட்டையே பலவீனமான இடம். அது 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடியில் இரும்பு ஆங்கிளோ கிரானைட் பட்டையோ தாங்கலாக வைக்கவும். ஆங்கிளுக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் கட்டாயம். தாங்கலைத் தாண்டி முன்னால் நீளும் பகுதி 6 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

மேடை, சுவர், பேசின் சேருமிடத்தில் சிலிக்கான் அடைப்பு போடுவார்கள். வினிகர் வாடை வரும் மலிவு சிலிக்கான் மார்பிளை அரித்து, ஓரத்தில் எண்ணெய்க் கோடுபோல் நிறம் இறங்கும். கடையில் 'நியூட்ரல் சிலிக்கான்' என்று கேட்டு வாங்குங்கள்.

ஜன்னல் அடிக்கல் உள்பக்கம் மட்டும் மார்பிள், வெளிப்பக்கம் கிரானைட். இரண்டும் சேருமிடம் ஜன்னல் சட்டத்துக்கு அடியில் மறைய வேண்டும். மழை அடித்தால் நீர் உள்ளே ஓடாதபடி வெளிப்பக்கம் 5 மி.மீ. சரிவு.

அறை வாசற்படிக் கல்லில் வெற்றிடம் அறவே ஆகாது. கால் பாரம் நேராக விழும் இடம். குளியலறை வாசலென்றால் 12 முதல் 15 மி.மீ. உயர்த்தி வையுங்கள்.

மேசைக்கு: 3 அடி வட்டப் பலகை 18 மி.மீ. கனத்தில் சுமார் 32 கிலோ. மெல்லிய கால்கள் தாங்காது. மரச் சட்டத்தில் நேராக வைக்காமல் சிலிக்கான் பொட்டு ஆறோ எட்டோ வைத்து உட்கார வையுங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பும், கல் உப்பாது. இறுக ஒட்டினால் கல்லுக்குத்தான் சேதம்.

10. இணைப்பு, சுத்தம், சீலர்

ஒட்டி முடித்து 48 மணி நேரத்துக்குப் பிறகு இணைப்பை நிரப்புங்கள். கல்லின் நிறத்துக்கு ஏற்ப நிறமி கலந்த எபாக்சி கிரவுட் சிறந்தது. மாஸ்டிக் (கல் இணைப்பை அடைக்கும் பிசின் களிம்பு) சுலபம், ஆனால் வெயில் படும் இடத்தில் இரண்டுமே மஞ்சளாகலாம். ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நிரப்பினால் வழிந்ததைச் சுரண்ட வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை எடுக்க ஆசிட் போட்டுக் கழுவுவது கட்டடத் தொழிலில் பழகிப்போன வழக்கம். டைல்ஸுக்கு அது நடக்கும். மார்பிளில் ஒரே கழுவலில் மெருகு முழுவதும் போய்விடும். ஆளில்லாத நேரத்தில் இது நடந்துவிடும் என்பதால், ஆசிட் பாட்டிலை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள்.

சீலர் கடைசி. கல்லும் பசையும் முழுக்க உலர வேண்டும், குறைந்தது ஒரு வாரம், மழைக்காலமென்றால் இரண்டு. ஈரம் இருக்கும்போது பூசினால் அந்த ஈரம் உள்ளே சிக்கிக் கருந்திட்டாக நிற்கும். உள்ளே ஊறும் வகை சீலரை வாங்குங்கள். மேலே படலம் கட்டும் வகை வார்னிஷ்போலக் கீறி உரியும். பஞ்சுத் துணியால் பூசி, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, உலருவதற்குள் மிச்சத்தை ஒட்டத் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பான மேகம் படியும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

பிறகு ஒரு துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் இன்னொரு கோட். இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து, கருக்கும்போது மறுபடி பூசினால் போதும். சீலர் எண்ணெயையும் சாயத்தையும் மட்டுப்படுத்தும், புளிப்பின் அரிப்பை அல்ல.

11. பூஜை அறைக்குத் தனியாகச் சில

நல்லெண்ணெய், குங்குமம், மஞ்சள், கற்பூரப் புகை, சில வீடுகளில் எலுமிச்சை விளக்கு. மார்பிளுக்கு ஆகாத அத்தனையும் கூடுமிடம் இது. ஆகவே சீலரை இரண்டு கோட்டாகப் பூசுங்கள், விளக்கு நிற்கும் இடத்தில் மூன்று.

குத்துவிளக்குக்கு அடியில் ஓரம் எழும்பிய பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். எலுமிச்சை விளக்கு தாம்பாளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கற்பூரத் தட்டைச் சூட்டோடு கல்லில் வைத்தால் வெப்ப அதிர்ச்சியில் மயிர்விரிசல் விழலாம். சுவரில் சாமி படத்துக்குப் பொட்டு வைக்கும் உயரத்தில் படத்தைச் சட்டமிட்டு மாட்டிவிடுங்கள், கல்லில் நேராகக் குங்குமம் வைக்கும் பழக்கம் தானாக நிற்கும். விளக்குச் சுடருக்கும் பின்சுவருக்கும் ஒன்றரை அடியாவது இருக்கட்டும்.

விபூதி சிந்தினால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். சாம்பல் நுண்ணிய மணல்போல் மெருகைத் தேய்க்கும். மென்தூரிகையால் தட்டி எடுத்த பிறகு ஈரத்துணி.

பின்னாலிருந்து ஒளி வரும் ஓனிக்ஸ் (ஒளி ஊடுருவும் கல்) பலகை வைப்பதாக இருந்தால், எல்இடிக்கும் கல்லுக்கும் 3 முதல் 4 அங்குலம் இடைவெளியும் நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் தாளும் வேண்டும். இல்லாவிட்டால் ஒளி பரவாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை எடுத்து மாற்றும்படி ஒரு கதவோ கழற்றும் பலகையோ விட மறக்காதீர்கள். டிரைவர் நிச்சயம் ஒருநாள் போகும், அன்றைக்குக் கல்லை உடைக்க முடியாது.

12. துடைப்பதும் கறை எடுப்பதும்

தினமும் உலர்ந்த மென்துணி. வாரம் ஒருமுறை வெந்நீரில் மென்மையான சோப்புத் திரவம் சில துளி. பாத்திரம் கழுவும் திரவத்தில் எலுமிச்சை சேர்ந்தது என்று போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் வாஷ்பேசின் மேடையை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுவது நல்லது. உப்புப் படலம் ஏறிவிட்டால் அதைக் கரைக்கும் எல்லா மருந்தும் மார்பிளையும் கரைக்கும்.

எண்ணெய்க் கறை: சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தயிர்ப் பதத்தில் கறையின் மேல் அரை அங்குலம் அப்பி, பாலிதீன் மூடி ஓரத்தை டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியை எடுத்து முழுக்கக் காயவிட வேண்டும். காயும்போதுதான் எண்ணெய் மேலே இழுபடும், அவசரப்பட்டு ஈரமாகவே வழித்துவிட்டால் பலனில்லை. பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை ஆகும்.

மஞ்சள், குங்குமம்: அதே குழைவு, தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. வெள்ளைக் கல்லுக்கு மட்டும். நிறக் கல்லை வெளுக்கச் செய்துவிடும். முதலில் மூலையில் சிறிது போட்டுப் பாருங்கள்.

புளிப்பு அரித்த வெளிறிய தடம் கறை அல்ல, காயம். எந்தச் சோப்பும் எடுக்காது. காசு அளவுள்ளதை மார்பிள் மெருகுத் தூளும் ஈரத் துணியும் கொண்டு வட்டமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். அதைவிடப் பெரிதானால் டயமண்ட் பேடு (வைரத் தூள் பதித்த தேய்ப்பு வட்டு) 400, 800, 1500, 3000 என்ற வரிசையில் தேய்க்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும் என்பதால் அந்தக் கல் முழுவதையும் தேய்த்து, மறுபடி சீலர் பூசுங்கள். பேடைப் புதிதாகப் பிடிப்பவர் இதை மீதமிருக்கும் வெட்டுத் துண்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சுவருக்கு வரட்டும்.